பயனாளிப் பட்டியலில் பங்காளிக்கு இடம் உண்டா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து, கோமுகி அணையைத் தாண்டியதும் முனகத் தொடங்கும். அறுவடைக் காலமாக இருந்தால் வளைவுக்கு வளைவு எதிரே லாரி வரும். யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிவரும் அந்த லாரிகளில் இருப்பது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு. ஆத்தூர், சின்னசேலம், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. ஆலை வாசலில் லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்பது அங்கே முடிவாகும். விலை அந்தப் பாயிண்டில்தான் இருக்கிறது. மலையில் அதை நட்டு, களையெடுத்து, பன்றியிடமிருந்து காப்பாற்றிப் பிடுங்கியவர் அந்த நேரத்தில் அங்கே நிற்பதில்லை. தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்பதை வியாபாரி சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்கிறார்.

கிராமப்புற வளர்ச்சிக்கு அரசுப் பணமும் கூட்டு முயற்சியும் எவ்வளவு உதவியிருக்கின்றன என்ற பெரிய கேள்வியை இந்தக் கல்வராயன் மலையிலிருந்து பார்க்க விரும்புவதற்கு இந்த லாரியே காரணம். இங்கே திட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வெள்ளிமலையில் இறங்கி ஒரு பர்லாங் நடந்தால் போதும், பெயர்ப்பலகைகள் வரிசையாக வரும். தடுப்பணைக்கு ஒரு பலகை, சிமெண்ட் சாலைக்கு ஒன்று, குடிநீர்த் தொட்டிக்கு ஒன்று. திட்டத்தின் பெயர், மதிப்பீடு, நிதியாண்டு எல்லாம் அதில் இருக்கும். கீழே ‘பயனாளிகள்’ என்று ஒரு எண்ணும் இருக்கலாம். அரசுத் தமிழில் மக்களுக்குக் கிடைத்திருக்கும் பெயர் அதுதான்.

ஊர்த்தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: பங்காளி. பாட்டன் நிலத்தில் பாத்தியதை உள்ளவர் பங்காளி. பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட வேண்டியவர், கணக்குக் கேட்க உரிமை உள்ளவர், தேவைப்பட்டால் சண்டைக்கு வரக்கூடியவர். அவர் வராமல் பந்தக்கால் நட முடியாது. பயனாளிக்கு இதில் எதுவும் கிடையாது. பட்டியலில் பெயர் இருந்தால் பயனடைவார், இல்லாவிட்டால் இல்லை. கூட்டாண்மை என்ற பெயரில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த மலைக்கு வந்தவற்றை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். மாவட்ட எல்லைகள் மலையைக் கூறு போட்டிருக்கின்றன. கருமந்துறைப் பக்கம் சேலத்தில் இருக்கிறது. வெள்ளிமலைப் பக்கம் முன்பு தென்னாற்காட்டில் இருந்து, பிறகு விழுப்புரத்துக்குப் போய், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. குடிகளில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது; அவர்கள் பேசுவது தமிழ்.

இந்த மலை பல தலைமுறைகள் மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஜாகிர்கள். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. மலையில் ஜாகிர்தார்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கு இழுத்தது, 1976-இல்தான் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அதுவரை ஜாகிருக்கு வரி கட்டியவர்களின் நிலத்துக்குச் சர்க்கார் அளவுக்கல் கிடையாது, சிட்டா கிடையாது, அடங்கல் கிடையாது. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்த கடன், மானியம், காப்பீடு எல்லாம் முதலில் கேட்ட தாள் சிட்டாதான்.

அதே எழுபதுகளின் நடுவில், ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், பழங்குடித் துணைத்திட்டம் நாடு முழுக்க வந்தது. பழங்குடியினர் பாதிக்கு மேல் இருக்கும் தொடர்ச்சியான பகுதிகளுக்கு ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் என்று தனி ஏற்பாடு. கல்வராயனும் கொல்லிமலையும் ஜவ்வாதும் பச்சைமலையும் ஏற்காடும் சித்தேரியும் அதில் வந்தன. இதனால் நடந்த நல்லதை மறைத்துப் பேச முடியாது. உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. வெள்ளிமலையில் இன்று ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியே இருக்கிறது. சாலை வந்தது, மின்சாரம் வந்தது. கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் அரசுப் பழப்பண்ணை வந்தது. அங்கே வளரும் நாற்றுகள் மலைக் காடுகளுக்கும் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்கும் போகின்றன.

ஆனால் நிதியின் வரைபடத்தில் இந்த மலைக்கு ஒரு விசித்திரமான இடம். நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மத்திய அரசுப் பணம் எழுபதுகளிலேயே வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களுக்கும் தனித் திட்டம் இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படி ஒன்று வரவில்லை. 2023 நவம்பரில் பிரதமரின் ஜன்மன் திட்டம் வந்தபோது அது மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு மட்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று அப்படி ஆறு குடிகள்தான். மலையாளிகள் அதில் சேரவில்லை. பெரிய கூட்டமாக இருந்தும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 2024 அக்டோபரில் 79,156 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய பழங்குடிக் கிராம முன்னேற்ற இயக்கம் சற்று அகலமானது. அதே ஆண்டு மாநில அரசு அறிவித்த ‘தொல்குடி’ திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி என்றது. அந்தப் பணம் எவ்வளவு, எந்த வேகத்தில் மலையேறும் என்பது வேறு கணக்கு.

பணத்தை விட்டு, கூட்டு முயற்சிக்கு வருவோம். முதலில் வந்தது கூட்டுறவு. 1971-இல் பாவா குழு ஒரு யோசனை சொன்னது: பழங்குடிப் பகுதியில் கடனுக்கு ஒரு சங்கம், விதைக்கு ஒன்று, ரேஷனுக்கு ஒன்று என்று அலையவிடாமல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரலாம். அதிலிருந்து பிறந்ததுதான் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். மலையில் ‘லேம்ப்ஸ்’ என்றால் தெரியும். காகிதத்தில் இதைவிட நல்ல யோசனை இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம். மலைக்காரர் கொண்டுவரும் கடுக்காயையும் தேனையும் புளியையும் சங்கமே வாங்கும். அந்தப் பணத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் உரமும் அங்கேயே கிடைக்கும். முன்பணம் தேவையென்றால் அதுவும் அங்கேயே. வட்டிக்காரனும் வியாபாரியும் ஒரே ஆளாக இருந்த ஊரில் அந்த ஆளின் இடத்தில் சங்கம் உட்காரும். நடைமுறையில் இத்தகைய சங்கங்களில் தங்கியது ரேஷனும் நகைக்கடனும். காட்டு விளைபொருள் வாங்குவது மெலிந்தது. கொள்முதல் நடக்கக் கையில் ரொக்கம் வேண்டும், கிடங்கு வேண்டும், சரக்கு தரம் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், நஷ்டம் வந்தால் தாங்கும் துணிச்சலும் வேண்டும். கீழ்நாட்டிலிருந்து சம்பளத்துக்கு வரும் செயலாளருக்கு இந்த நான்காவது சரக்கு எந்தச் சட்டத்திலும் கொடுக்கப்படவில்லை.

கடுக்காய் விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம். கல்வராயன் கடுக்காய்க்குப் பெயர் உண்டு. தோல் பதனிடவும் மருந்துக்கும் போகிறது. பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். உதிர்ந்ததைப் பொறுக்கி, காயவைத்து, கறுத்ததையும் பூச்சி அரித்ததையும் ஒதுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். காயவைக்கக் களம் இல்லாவிட்டால் ஒரு மழையில் சரக்கு கறுத்துவிடும். கறுத்தால் தரம் இறங்கும். ஆக, ஒரு சிமெண்ட் களமும் தார்ப்பாயும் ஒரு பெண்ணின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. 2018-இல் வந்த வன்தன் திட்டம் இதைத்தான் குறிவைத்தது: இருபது பேர் கொண்ட பதினைந்து குழுக்கள், மொத்தம் 300 பேர், ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை. கருவியும் பயிற்சியும் தரலாம். சரக்கை வாங்குகிறவர் யார் என்பதற்கு மட்டும் அந்த 15 லட்சத்தில் விடை இல்லை. தமிழில் ஏமாற்றுவதற்குக் ‘கடுக்காய் கொடுப்பது’ என்று பெயர். கடுக்காய் பொறுக்குகிறவருக்கே அது நடப்பதுதான் வேடிக்கை.

சுய உதவிக் குழுக்களின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் சேலத்துக்கும் பழைய தென்னாற்காட்டுக்கும் பரவியது. நாடு முழுக்க இன்று பேசப்படும் குழு இயக்கத்தின் ஒரு முக்கியமான ஊற்று இந்த வட்டாரம்தான். பிறகு உலக வங்கிக் கடனில் புதுவாழ்வு, அடுத்து வாழ்ந்து காட்டுவோம். இந்தக் கடைசித் திட்டம் 918 கோடி ரூபாய், உலக வங்கி 70 பங்கு, மாநில அரசு 30 பங்கு, 120 ஒன்றியங்கள். இணை மானியத்தில் தொழில் தொடங்குகிறவருக்கு 30 சதவீதம் மானியம், மிச்சம் வங்கிக் கடனும் கைப்பணமும். சேமிப்பு, கடன், திருப்பிக் கட்டுவது என்ற ஒழுங்கைப் பெண்கள் கற்றுக்கொண்டது இந்தத் திட்டங்களின் உண்மையான சொத்து. திட்டம் முடிந்தாலும் அந்தப் பழக்கம் முடிவதில்லை.

மரம் நடும் ‘வாடி’ திட்டத்தையும் சொல்ல வேண்டும். குஜராத்தின் வான்ஸ்தாவில் பைஃப் தொண்டு நிறுவனம் 1982-இல் பழங்குடிக் குடும்பங்களோடு தொடங்கியது. ஒரு ஏக்கரில் மாவும் முந்திரியும், வரப்பில் காட்டு மரங்கள், நடுவே ஊடுபயிர். நபார்டு வங்கி 2003-04-இல் 50 கோடி ரூபாயில் பழங்குடியினர் வளர்ச்சி நிதியை உருவாக்கி இதை நாடெங்கும் எடுத்துச் சென்றது. மற்ற திட்டங்களுக்கு இல்லாத ஒரு நல்ல குணம் இதற்கு உண்டு: மரம் வளரும் வேகத்தை மதித்து ஆண்டுக்கணக்கில் கூட இருப்பது. மூன்று வருடத்தில் கணக்கு முடிக்கச் சொன்னால் மாங்கன்று பதில் சொல்லாது.

இப்போதைய நாயகன் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 2020-இல் பத்தாயிரம் நிறுவனங்கள் என்ற இலக்கோடு மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் 300 உறுப்பினர்கள் வேண்டும். மலையில் 100 போதும் என்று சலுகை. நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் வரை கிடைக்கும். உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசும் போடும். நிறுவனத்தைக் கட்டி எழுப்பித் தருகிற அமைப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 25 லட்சம் வரை. கைபிடித்து நடத்துகிறவருக்கான ஒதுக்கீடு, நடக்கிறவரின் நிர்வாகச் செலவைவிடக் கூடுதல். இதில் தப்பே இல்லை என்று வாதிடலாம். நல்ல ஆலோசகர் சும்மா வரமாட்டார்.

ஆனால் மலைச் சலுகையை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் ஆளுக்கு 2,000 போட்டால் 2 லட்சம். அரசின் இணைப் பங்கு 2 லட்சம். மொத்த மூலதனம் 4 லட்சம். கிழங்கு டன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பணத்தில் 50 டன் வாங்கலாம். பத்து டன் லாரியில் ஐந்து லோடு. ஆலை பணத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஆறாவது லோடுக்குக் கையில் காசு இல்லை. வியாபாரியோ முன்பணம் கொடுத்து நட்ட அன்றே காட்டைப் பேசி முடித்திருப்பார். 300 பேர் வேண்டிய இடத்தில் 100 போதும் என்பது கருணைதான். அந்தக் கருணையே மூலதனத்தை மூன்றில் ஒன்றாக்கிவிடுகிறது. மலைக்குத் தலைக்கணக்கில் தளர்வு தந்தவர்கள் இணைப் பங்கை உயர்த்தித் தந்திருக்க வேண்டும்.

இணைப் பங்கு என்ற தத்துவமே இப்படித்தான். 1997-இல் மாநில அரசு தொடங்கி, இடையில் நின்று, 2021-இல் மறுபடி வந்த நமக்கு நாமே திட்டத்தில் ஊர் தன் பங்காக மூன்றில் ஒன்றாவது திரட்ட வேண்டும் என்பது பொது விதி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு இது ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடியும். கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்வரும் குடும்பங்களின் ஊரில் முடியாது. கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூருக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. தொழிற்சாலை இருக்கும் இடம்தான் உள்ளூர். மலையில் தொழிற்சாலை இல்லை. மலையில் பிறக்கும் கோமுகி அடிவாரத்தில் அணையாகி, கச்சிராயபாளையம் பக்கத்து வயலுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. தண்ணீர் கொடுத்தவருக்கு எந்த விதியிலும் இணைப் பங்கு போட்டதாகக் கணக்கு எழுதப்படுவதில்லை.

பக்கத்து மலை ஒன்று வேறுவிதமாக முயன்றது. கொல்லிமலையிலும் இதே கதைதான்: மரவள்ளி ஏறியது, சாமையும் தினையும் கேழ்வரகும் இறங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து அங்கே வேலை செய்தது. சிறுதானியத்தை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு விலையைப் போலவே முக்கியமான இன்னொரு பதிலும் இருந்தது: குத்த முடியவில்லை. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை பெண்களின் முதுகை ஒடித்தது. அரிசி ரேஷனில் வந்தபின் யார் குத்துவார்? ஆகவே அரைவை இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன, நடத்தும் பொறுப்பு குழுக்களிடம் போனது, விதை வங்கிகள் வந்தன, 2009-இல் வேளாண் பல்லுயிர் காப்போர் கூட்டமைப்பு என்று மலைக்காரர்களின் சொந்த அமைப்பு உருவானது. வெளிநாட்டு ஆராய்ச்சி நிதி, உள்நாட்டு நிறுவனம், ஊர்க்குழு என்ற மூன்றும் கூடிய கூட்டு அது. மரவள்ளியை அது தோற்கடித்துவிடவில்லை. ஆனால் பொறி எங்கே சிக்கியிருக்கிறது என்று உரலடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. அதற்கு ஆண்டுகள் ஆயின. பத்து நாள் கள ஆய்வில் உரல் கண்ணில் படாது.

கடலுக்கு அப்பால் இரண்டு உதாரணங்கள் போதும். தென்கொரியாவில் 1970-இல் 33,000-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தலா 335 மூட்டை சிமெண்டைக் கொடுத்து, ஊர்ப் பொதுவேலைக்கு நீங்களே முடிவு செய்து பயன்படுத்துங்கள் என்றார்கள். நன்றாகச் செய்த பாதிக் கிராமங்களுக்கு அடுத்த சுற்றில் 500 மூட்டையும் ஒரு டன் கம்பியும் கிடைத்தன. சரியாகச் செய்யாதவருக்கு எதுவும் இல்லை. சர்வாதிகார ஆட்சியின் திட்டம் அது, அதன் கசப்புகளும் உண்டு. ஆனாலும் சிமெண்டை என்ன செய்வது என்ற முடிவு ஊருக்குள் இருந்தது. ஐரோப்பாவில் 1991-இல் தொடங்கிய ‘லீடர்’ திட்டம் இன்னொரு வழி பிடித்தது. கிராமப்புற நிதியை உள்ளூர்க் குழு பங்கிடும். அந்தக் குழுவின் முடிவுகளில் அரசு சார்பாளர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளூர்க்காரருக்கு நாற்காலி போடுவதோடு விடாமல் ஓட்டையும் எண்ணிக் கொடுத்தார்கள்.

வெள்ளிமலையில் அந்த ஓட்டு யாரிடம் இருக்கிறது? சட்டப்படி கிராமசபையிடம். ஆனால் தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிக் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஒன்றியம் முழுக்கப் பழங்குடிகள் இருந்தாலும் கல்வராயனின் கிராமசபையும் சமவெளி ஊரின் கிராமசபையும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். அதுவும் இங்கே தாமதமாகத்தான் மூச்சுவிட்டது: பட்டா வழங்கத் தன் அனுமதி வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2008-இல் போட்ட தடையை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவை மலையில் சாலை கேட்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி, சாலை, குடிநீர்க் குழாய் போன்ற 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வனநிலத்தைத் தரலாம். கிராமசபை பரிந்துரைத்தாக வேண்டும். வனத்துறை அனுமதி இல்லை என்று திரும்பிவரும் கோப்புகளில் எத்தனை இந்த வழியில் முயலப்பட்டவை என்று கேட்டால் பல அலுவலகங்களில் முகம் மாறும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடனே கேமராக்கள் மலைப்பக்கம் திரும்பின. சாராயம் என்றால் கல்வராயன் என்பது பழைய எழுத்து. கொன்றது மெத்தனால், அது மலையில் ஊறலில் விளைவதல்ல என்பதைச் சொல்லக் குரல்கள் குறைவாகவே இருந்தன. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி, பட்டா எல்லாவற்றையும் வழக்காக எடுத்தது. மந்திரிகள் நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீதிபதிகள் கேட்கும் நிலை வந்தது. அரை நூற்றாண்டுத் திட்டங்களுக்குப் பிறகும் ஒரு ஊரின் சாலை நீதிமன்றப் படியேறித்தான் வர வேண்டியிருக்கிறது என்றால், பணத்தின் அளவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை ஒதுக்க முடியாது. ஊர்க்காரர் கையில் கொடுத்தால் ஊர்ப் பெரியவர் கைக்குப் போகும். குழுவின் பெயரில் நாலு வீடு வாழும். ஒப்பந்தக்காரர் ஊருக்குள்ளிருந்தே முளைப்பார் என்பார்கள். நடந்திருக்கிறது, நடக்கும். ஆனால் அதிகாரி கையிலும் தொண்டு நிறுவனத்தின் கையிலும் இருந்த பணத்துக்கு இது நடக்கவில்லையா? வித்தியாசம் ஒன்றுதான்: ஊருக்குள் தின்றவரின் வீட்டு வாசல் தெரியும். பங்காளிச் சண்டைக்கு இடம் இருக்கும் ஊரில்தான் கணக்கும் கேட்கப்படும்.

எனவே பட்டா முதலில், வன உரிமை அடுத்து, மானியம் அதற்குப் பிறகு என்பதுதான் இந்த மலைக்கு வரிசை என்பேன். தன் பெயரில் தாள் இல்லாதவரோடு யாரும் கூட்டுச் சேர முடியாது; உதவி மட்டுமே செய்ய முடியும். அந்த வரிசை திருந்தும் வரை சின்னதாகச் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மாவுச்சத்துப் பாயிண்ட் பார்க்கும் தராசு ஒன்று வெள்ளிமலையிலும் ஒன்று மலையிலேயே உள்ள கரியாலூரிலும் குழுவின் பொறுப்பில் இருந்தால், லாரி ஏறும் முன்பே விலை பேச ஒரு பிடி கிடைக்கும். கடுக்காய்க்குக் களம். கொள்முதல் காலத்துக்கு மட்டும் சுழல்நிதி. பலகையில் மதிப்பீட்டுக்குக் கீழே, மூன்று ஆண்டுக்குப் பின் பராமரிப்பவர் யார் என்று ஒரு வரி.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் வங்கிக்காரரும் கம்பெனிக்காரரும் தொண்டு நிறுவனத்தாரும் திட்ட அறிக்கை எழுதும் முன் அதில் ஒரு நாளாவது வெள்ளிமலைக்குப் போய், மேடையில் ஏறாமல், பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.